பிள்ளைக்கு மூன்று வயது, கையில் விசிட் விசா: ஏன் இந்த வழியில் போகிறார்கள்?

கரையோரம் எழுதியது:

எங்கள் ஊர் மட்டக்களப்புக்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நீளத் துண்டு நிலம். என் சித்தியின் மகள் பக்கத்து வளவில் இருக்கிறாள். வயது 27. மகனுக்கு மூன்று வயது. கணவன் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மூன்று நுண்கடன் நிறுவனங்களில் கடன். செவ்வாய்தோறும் ஒருவர் வசூலுக்கு வருகிறார், வியாழன்தோறும் இன்னொருவர். அந்த நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைப் பக்கம் வந்து உட்காருவாள். அவன் சத்தம் போடாமல் இருக்க வாயில் பிஸ்கட்டை வைப்பாள். மோட்டார் சைக்கிள் போன பிறகுதான் இருவரும் எழுந்து போவார்கள்.

போன வாரம் ஊருக்குள் ஒரு சப் ஏஜென்ட் வந்துபோனார். முன்பு மீன் லொறி ஓட்டியவர். விசிட் விசாவில் ஷார்ஜா, அங்கிருந்து ஓமானில் ஒரு வீட்டு வேலை என்கிறார். இரண்டரை லட்சம் ரூபாய் கையில் தருவதாகப் பேச்சு. ஒரு லட்சத்தை உடனே எண்ணிக் கொடுத்துவிட்டு, அவளுடைய கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, முறையாகப் போ" என்று எவ்வளவோ சொன்னேன். அவள் சொன்ன பதில் இதுதான்: "அக்கா, பதியப் போனால் அங்கே என்னிடம் கேட்பார்கள். இவர் எனக்குத் தருகிறார்."

இந்த ஆண்டில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் நான்கு பெண்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். ஒருத்தியிடமிருந்து மூன்று மாதமாகத் தொலைபேசி அழைப்பே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவளை எப்படி நிறுத்துவது? அல்லது எப்படி நல்லபடியாக அனுப்புவது?


நெடுநாள் வாசகன் எழுதியது:

சகோதரி, மனம் வருந்தாமல் கேளுங்கள். 2022 நவம்பரில் ஓமான் விவகாரம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சுற்றுலா விசாவில் போன பெண்களை அங்கே வயதுவாரியாக விலை பேசினார்கள் என்று செய்தி. மஸ்கட்டில் நம் தூதரகத்தில் பணியாற்றிய அதிகாரி ஒருவரே கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். தொலைக்காட்சியில் காட்டினார்கள், பள்ளிவாசலிலும் கோவிலிலும் பேசினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளையை விட்டுவிட்டு அதே வழியில் போவேன் என்பவருக்கு யார் என்ன சொல்ல முடியும்?

என் கருத்தில், வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்புவதையே அரசு முழுதாக நிறுத்த வேண்டும். தாயில்லாமல் வளரும் பிள்ளைகளின் நிலையை நான் ஆசிரியராக இருந்து பார்த்தவன்.


திரும்பி வந்தவள் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த பெண்களில் நானும் ஒருத்தி.

தெரியாமல் போனாள், ஏமாந்து போனாள் என்றுதான் எல்லோரும் எங்களைப் பற்றி எழுதுகிறார்கள். நான் தெரிந்துதான் போனேன். எனக்கு முன்னால் போன மச்சாளின் காலில் சுடுநீர் ஊற்றிய தழும்பைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். 2022 பெப்ரவரியில் நான் புறப்பட்டபோது என் இளைய மகளுக்கு நான்கு வயது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் பிரதேச செயலகம் அனுமதிக்காது. இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்கலாம்தான். அடகுக்கடைக்காரர் காத்திருக்க மாட்டார். போதாததற்குக் கணவனின் கையெழுத்தும் வேண்டும். அவர், முதல் மூன்று மாதச் சம்பளம் தன் கணக்குக்கு வரவேண்டும், அப்படியென்றால்தான் கையெழுத்து என்றார். ஏஜென்ட் என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் அன்றைக்கு எனக்கு நல்லவராகத் தெரிந்தார்.

இரவு ஒரு மணிக்கு வேன் வந்தது. ஐந்து பெண்கள். ஓட்டமாவடியிலிருந்து ஒருவர், திருகோணமலையிலிருந்து இருவர், குருநாகலிலிருந்து ஒரு சிங்களப் பெண், நான். வழியில் எங்களுக்கு ஜீன்ஸ் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். நான் வாழ்நாளில் அணிந்ததில்லை. ஒரு ஹோட்டல் முன்பதிவுத் தாள், திரும்பி வரும் டிக்கெட், கையில் காட்டுவதற்குக் கொஞ்சம் டொலர். அந்த டொலரை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டால் "புர்ஜ் கலீஃபா" என்று சொல்ல வேண்டும். கட்டுநாயக்க வரைக்கும் அந்தப் பெயரை எங்களைச் சொல்ல வைத்துக்கொண்டே வந்தார்கள்.

அஜ்மானில் ஓர் அலுவலகம். அதற்குப் பின்னால் ஓர் அறையில் பதினொரு பேர் படுத்திருந்தோம். காலையில் வரிசையாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வாங்க வருகிறவர்கள் பார்ப்பார்கள். வாங்க என்றுதான் எழுதுகிறேன், அங்கே பேசிய சொல் அதுதான். வயதான ஓர் அம்மையார் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வயல் வேலையில் காய்ப்பு ஏறிய கை. அதைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்கள். இரண்டு நாளில் காரில் எல்லை தாண்டி ஓமான்.

மூன்று மாதம் சம்பளம் வந்தது, மாதம் 90 ரியால். நான் போனபோது ஒரு டொலர் 200 ரூபாய். மே மாதத்தில் 360. அதே 90 ரியால் வீட்டில் இரட்டைப் பணமாகத் தெரிந்தது. ஊரில் பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். என் பணத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வட்டாரத்தில் இன்னும் இருவர் அதே ஏஜென்டிடம் போனார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நான்காம் மாதம் சம்பளம் நின்றது. கேட்டேன். "உனக்காக அலுவலகத்துக்குக் கட்டிய பணம் இன்னும் கழியவில்லை" என்றார்கள். ஏஜென்ட் எனக்கு ஊரில் தந்த இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. ஒருநாள் குப்பை கொட்டப் போன வழியில் அப்படியே நடந்து வெளியேறினேன். வெளியே வந்த பிறகு விசா இல்லை, இக்காமா என்ற வதிவிட அட்டை இல்லை, கடவுச்சீட்டு அந்த வீட்டு அலமாரியில். அங்கே நம்மவர்கள் இப்படிப்பட்டவர்களைக் கல்லிவல்லி என்பார்கள். சம்பளம் தராதவர்மேல் நான் முறைப்பாடு செய்யவேண்டுமென்றால், முதலில் நான் குற்றவாளியாக நிற்கவேண்டும். ஏழு மாதம் பாதுகாப்பு இல்லத்தில் இருந்து ஊர் வந்து சேர்ந்தேன்.


பழைய கோப்பு எழுதியது:

தங்கை எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு தூங்கவில்லை. அந்த ஐந்து வயது விதியை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நடைமுறைப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். கிழக்கில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

2013-ல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. வீட்டு வேலைக்குப் போக விரும்பும் பெண் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் வரவேண்டும். பிறகு எங்களைப் போன்றவர்கள் அவள் வீட்டுக்குப் போய், பிள்ளைகள் எத்தனை, யார் பார்த்துக்கொள்வார்கள், கணவன் சம்மதிக்கிறானா என்று எழுத வேண்டும். பொறுப்பெடுக்கும் பெண் ஒருத்தியைக் காட்ட வேண்டும். பிறகு பிரதேச செயலாளரின் கையெழுத்து. 2015-ல் எந்த வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இந்த அறிக்கை வேண்டும் என்று ஆக்கினார்கள். ஓர் ஆணிடமும், உன் பிள்ளையை யார் குளிப்பாட்டுவார் என்று நாங்கள் கேட்டதில்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். தகரக் கூரை, மண் தரை. நான் பாயில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பிள்ளைக்கு நாலரை வயது. "இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்" என்றேன். அந்தப் பெண் எழுந்து போய் அடுப்படியிலிருந்து பானையைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் பேசவில்லை. நான் "பரிந்துரைக்கப்படவில்லை" என்று எழுதினேன். விதி அப்படி. அடுத்த மாதம் அவள் போய்விட்டாள் என்று கிராம உத்தியோகத்தர் சொன்னார். எந்த வழியில் போனாள் என்று எங்கள் கோப்பில் இல்லை. கோப்பில் அவள் இன்னும் அந்தப் பாயிலேயே இருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கையிலிருந்து வேலைக்குப் போனவர்களில் நான்கில் மூவர் பெண்கள். 2016-ல் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று இறங்கியது. விதி வேலை செய்கிறது என்று கூட்டங்களில் பேசிக்கொண்டோம். குறைந்தது போனவர்களா, பதிந்தவர்களா என்று அந்தக் கூட்டங்களில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு பகுதிப் பெண்கள் உண்மையிலேயே போகாமல் நின்றிருப்பார்கள். மற்றவர்கள் அறிக்கையை விலைக்கு வாங்கினார்கள். பிள்ளையே இல்லை என்று எழுதி, இன்னொரு மாவட்டத்து முகவரியில், பார்த்தே இராத ஓர் உத்தியோகத்தரின் முத்திரையோடு வரும். அதற்கும் கையில் பணமில்லாதவர்கள் விசிட் விசாவில் போனார்கள்.


மூதூர்க் காற்று எழுதியது:

இந்த விதிகள் எதன் பின்னால் வந்தன என்று மூதூர்க்காரன் ஒருவன் சொல்லியாக வேண்டும்.

ரிசானா நபீக் எங்கள் ஊர்ப் பிள்ளை. 2005 மே மாதம் சவூதிக்குப் போனபோது அவளுக்கு 17 வயது. கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது, உண்மையில் 1988. போன சில வாரங்களில் அவள் கையில் இருந்த கைக்குழந்தை இறந்துபோனது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்பது அவள் சொன்னது. 2007-ல் மரண தண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9-ஆம் தேதி நிறைவேற்றினார்கள். குழந்தை வளர்க்கும் பயிற்சி எதுவும் இல்லாத ஒரு பிள்ளையின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்தவர்களும், அவள் வயதில் ஆறு ஆண்டுகளைக் கூட்டி எழுதியவர்களும் இருந்தார்கள்.

அதே ஆண்டில்தான் அரசு சவூதிக்குப் போகும் வயதை 25 ஆக்கியது, மற்ற மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23. பிள்ளையுள்ள தாய்க்கு அறிக்கை. யோசித்துப் பாருங்கள். அவளைக் கொண்டுபோனது பொய் வயது. 21 வயதுப் பெண்ணுக்கு அதுவரை பொய் தேவையில்லை. புதிய விதிக்குப் பிறகு அவளுக்கும் பொய் வயது தேவைப்பட்டது. பொய் எழுதிக் கொடுப்பவனுக்குத்தான் வாடிக்கையாளர் கூடினார்கள்.

நெடுநாள் வாசகன் ஐயா முழுதாகத் தடை செய்யச் சொல்கிறார். நேபாளம் அதைச் செய்து பார்த்தது. 2012-ல் 30 வயதுக்குக் குறைந்த பெண்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றது. 2017-ல் எந்த வயதுப் பெண்ணும் போகக் கூடாது என்றது. அவர்கள் திறந்த எல்லை வழியாக இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து விமானம் ஏறினார்கள்.


நெடுநாள் வாசகன் எழுதியது:

திரும்பி வந்த தங்கையிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் இங்கே படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி எனக்கு விளங்கவில்லை. 2022-ல் அந்த அறிக்கையையே நீக்கிவிட்டார்கள் அல்லவா? வயதும் எல்லா நாட்டுக்கும் 21 என்று ஒன்றாக்கிவிட்டார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தால் போதும் என்கிறார்கள். இழையைத் தொடங்கிய சகோதரி சொல்லும் பெண்ணுக்கு வயது 27, பிள்ளைக்கு மூன்று. முன்வாசல் திறந்தேதானே இருக்கிறது? அப்படியென்றால் விதிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?


பழைய கோப்பு எழுதியது:

நியாயமான கேள்வி, ஐயா. விதி மட்டும் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன்.

முதலாவது, விதி மாறியது ஊருக்குள் போய்ச் சேரவில்லை. ஏஜென்டுக்கு விதி மாறியதைச் சொல்ல என்ன அவசியம்? "உனக்குப் பிள்ளை இருக்கிறது, பணியகம் விடாது" என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். ஒன்பது ஆண்டு நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னது அவருக்கு இலவச விளம்பரமாகிவிட்டது.

இரண்டாவது, பணம். இதை வெளியூர்க்காரர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ஓர் ஆண் கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போனால் ஏஜென்டுக்கு அவன் கட்டவேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏஜென்ட் கொடுப்பார். அங்கே வேலைக்கு எடுக்கும் குடும்பம் அலுவலகத்துக்குப் பெரிய தொகை கட்டுகிறது; அதில் ஒரு துண்டு கொழும்புக்கு, அதில் ஒரு துண்டு சப் ஏஜென்டுக்கு, அதில் ஒரு துண்டு இவள் கையில். முறையான வழியில் போகும் பெண்ணுக்கும் இந்த முற்பணம் உண்டு. ஆனால் அங்கே பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தம், தூதரகச் சான்று எல்லாம் முடிய வாரங்களாகும். பயிற்சிக் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், வசூலுக்கு வருபவருக்குப் பதில் சொல்ல வேண்டும். விசிட் விசா ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. பணம் அதற்கும் முன்னால் வந்துவிடுகிறது.

வளைகுடாவில் வேலைக்கு எடுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் இந்த வழியில் மிச்சம் இருக்கிறது. குவைத் 2015-ல் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே சட்டம் கொண்டுவந்தது. வாரம் ஒருநாள் விடுமுறை, நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை, கடவுச்சீட்டைப் பறித்துவைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். வேலை விசா உள்ளவளுக்கு. சுற்றுலாப் பயணியாக வந்தவள் அந்தச் சட்டத்தின் கண்ணில் வேலைக்காரியே இல்லை.


மலையகத்தான் எழுதியது:

நான் அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். என் அம்மா லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, குவைத்துக்குப் போனவர். எனக்கு அப்போது நான்கு வயது. ஒன்பது ஆண்டு. இரண்டு முறை வந்துபோனார்.

ஆசிரியர் ஐயா சொல்வது முழுப் பொய்யில்லை, அதை மறைக்க மாட்டேன். பாட்டிதான் வளர்த்தார். அம்மா அனுப்பிய கேசட்டில் பேசியிருப்பார். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் குரல் யாருடையது என்றே எனக்குத் தோன்றாமல் போனது. முதல் முறை வந்தபோது நான் அவரிடம் போகவில்லை, பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வாசலிலேயே பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதார். அம்மா அனுப்பிய பணத்தில் பாதியை அப்பா குடித்தார் என்பதும் உண்மை.

ஆனால் எந்த இடத்திலிருந்து போனார் என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021 மார்ச்சில்தான், அதுவும் எத்தனை ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. அடுத்த ஆண்டே ரூபாய் விழுந்தது. ஆயிரம் ரூபாய் என்றால் மூன்று டொலருக்குக் கீழே. கொழுந்து நிறை குறைந்தால் பாதிப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், போடுவார்கள். மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு மலை ஏறி இறங்குவது வேலை. "வெளிநாட்டில் அடிப்பார்களாமே" என்று எங்கள் லயத்தில் ஒரு பெண்ணிடம் கேட்டால், இங்கே மட்டும் என்ன என்பாள். அவள் அதை யோசித்துத்தான் சொல்கிறாள்.

அம்மா போய்ச் சம்பாதித்த பணத்தில்தான் நான் படித்தேன். என் மகளை வளர்ப்பது அவர்தான் இப்போது. என் மகளுக்குத் தலை வாரும்போது சில நேரம் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். எதற்கென்று இருவருக்கும் தெரியும்.


காவிரிக்கரை எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே கதைதான், விதியின் பெயர் மட்டும் வேறு.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்று முத்திரை இருக்கும், ஈசிஆர் பாஸ்போர்ட் என்பார்கள். அந்தப் பாஸ்போர்ட் உள்ள பெண் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2016-லிருந்து அரசு நிறுவனங்கள் மூலமாக மட்டுமே போகலாம் என்று ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நல்ல நோக்கம்தான். எங்கள் கிராமத்திலிருந்து சென்னை 300 கிலோமீட்டர். ஏஜென்ட் இருப்பது டீக்கடைக்கு எதிரே.

சுற்றுலா விசாவுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதனால் துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ போய், அங்கிருந்து ஓமானுக்குத் தரைவழி. ஆந்திராவின் கடப்பாவிலிருந்தும் கோதாவரி மாவட்டங்களிலிருந்தும் போகும் பெண்களும் இதே பாதைதான். என் அத்தை பெண் அப்படிப் போய் மூன்று ஆண்டு நல்ல வீட்டில் வேலை பார்த்து, கல்வீடு கட்டிவிட்டு வந்தாள். இதையும் எழுத வேண்டும். எல்லோரும் அடிபட்டு வந்தால் யாரும் போக மாட்டார்கள். ஒரு கல்வீடு தெருவில் எழும்பினால், அதைப் பார்த்துப் பத்துப் பேர் போவார்கள். அவளுக்கு நல்ல வீடு கிடைத்தது அதிர்ஷ்டம். அந்த வீடு கெட்டதாக இருந்திருந்தால் அவளைத் தேடுவதற்கு ஒரு தாளும் எங்கும் இல்லை.

வீட்டு வேலையைத் தொழில் என்று ஒப்புக்கொள்ளும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 2011-ல் வந்தது, எண் 189. இந்தியாவும் இலங்கையும் இரண்டும் இன்னும் அதில் சேரவில்லை. தன் வீட்டில் பாத்திரம் துலக்குபவளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளாத அரசு, அடுத்த நாட்டிடம் போய் எந்த வாயால் கேட்கும்?


திரும்பி வந்தவள் எழுதியது:

கரையோரம் அக்கா, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. உங்கள் தங்கைக்காக இதை எழுதுகிறேன்.

அவளைத் திட்டாதீர்கள். திட்டினால் உங்களிடம் சொல்லாமல் போவாள். சொல்லாமல் போனவளைத் தேடுவதுதான் கடினம்.

அந்த ஒரு லட்சத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். அதுதான் முக்கியம். அந்தப் பணம் தீரத் தீர அவளால் "மாட்டேன்" என்று சொல்ல முடியாமல் போகும். என்னிடமும் கடைசி வாரத்தில் ஒருமுறை மனம் மாறியது. ஏஜென்ட், "சரி, பணத்தையும் டிக்கெட் செலவையும் கொடுத்துவிட்டு இரு" என்றார். நான் அதற்குள் நகையை மீட்டுவிட்டேன். வேனில் ஏறினேன்.

பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழைத்து, அந்த ஏஜென்ட் சொல்லும் நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் விசிட் விசா என்றால் உரிமத்தால் பயன் இல்லை. உரிமம் உள்ள நிறுவனமே ஒரு பக்கத்துக் கதவால் இப்படியும் அனுப்பும்.

அப்படியும் போவேன் என்றால், கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் எல்லாவற்றையும் படம் எடுத்து உங்கள் தொலைபேசியில் வையுங்கள். போய் இறங்கிய அலுவலகத்தின் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் வாசலில் உள்ள வீட்டு எண்ணை. என் வீட்டாரிடம் இருந்தது ஒரு பெயர் மட்டும்: "மஸ்கட் மதாம்". அதை வைத்துக்கொண்டு என் அம்மா எத்தனை அலுவலகத்தில் அழுதார் என்று நான் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.


மூதூர்க் காற்று எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. ஏஜென்ட் கடவுச்சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு மிரட்டினால், தனியாகப் போய்ப் பேச விடாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், மாதர் சங்கத்தில் இரண்டு பேர், முடிந்தால் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். எங்கள் பகுதியில் இரண்டு முறை அப்படி மீட்டிருக்கிறோம். பொலிஸ் என்ற சொல்லைச் சொன்னவுடனே தந்துவிட்டார்கள்.


கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எட்டு நாளாக எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு லட்சத்தில் 62,000 ரூபாய் ஏற்கெனவே கடன்காரர்களுக்குப் போய்விட்டது. திரும்பி வந்த தங்கையின் பதிவை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த இடம் வந்ததும் அவள் தன் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மறுபடி வந்து, அந்தப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள்.

அடுத்த நாள் பிரதேச செயலகத்துக்குப் போனோம். நெடுநாள் வாசகன் ஐயாவும் பழைய கோப்பு ஐயாவும் சொன்னது சரி. அறிக்கை இல்லை, பிள்ளையின் வயது போதும், பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாம் என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். இவளுக்கு இது எதுவும் தெரியாது. "அப்படியென்றால் இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அந்த உத்தியோகத்தர் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். அது எங்கள் ஊரிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி உள்ள சுவர்.

கணவனின் கையெழுத்து வேண்டுமா என்றுதான் அவள் கடைசியாகக் கேட்டாள், மெதுவாக. இப்போது வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

என் இரண்டு வளையல்களை அடகு வைத்து 62,000 புரட்டினோம். மாதர் சங்கத் தலைவியும் என் மாமாவும் கூட வந்தார்கள். ஏஜென்ட் முதலில் டிக்கெட் செலவு, விசா செலவு என்று இன்னும் 90,000 கேட்டார். மாமா பொலிஸ் நிலையத்துக்குப் போவோமா என்று கேட்டதும் கடவுச்சீட்டை மேசைமேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மூதூர்த் தம்பிக்கு நன்றி.

பயிற்சிக்கு அடுத்த மாதம் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை செவ்வாயும் வியாழனும் வரத்தான் செய்யும். என் வளையலும் போய்விட்டது, இனி என்னிடம் அடகு வைக்க ஒன்றும் இல்லை. சங்கத்தில் சீட்டு ஒன்றை முன்கூட்டி எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.

அந்த டிக்கெட்டின் படம் இன்னும் அவள் தொலைபேசியில் இருக்கிறது. கட்டுநாயக்க – ஷார்ஜா, வரும் செவ்வாய் இரவு. நேற்று அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்துவிடு என்றேன்.

"செவ்வாய்க்கிழமை கழியட்டும் அக்கா" என்றாள்.